தானாக வந்த எழுத்தை ஏற்காத இசக்கியம்மாள்

இசக்கி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தைவெளிக் கடையில் இட்லி மாவு வாங்க நின்றிருந்தேன். எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பாஸ் அனுப்பியிருந்தார். கறுப்புப் பின்னணி, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பூ. மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி, மெலிந்து உயர்ந்த, விலை கொடுத்து வாங்கிய எழுத்து. அதற்குக் கீழே தமிழில் "எங்கள் இசக்கியம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி." கணினியைத் திறந்து தமிழில் தட்டினால் தானாக வந்து நிற்குமே, அந்த எழுத்துருவில் போட்டிருந்தார்கள்.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. மாவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே "சார், இந்தப் படத்தை எடுங்க" என்று எழுதினேன். "இதைப் பேச இதுவா நேரம்?" என்று பதில் வந்தது. "இதுதான் நேரம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் படம் மறைந்தது. அதற்குப் பிறகுதான் கடைக்காரர் தண்ணீர் கொடுக்க, அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஆதம்பாக்கத்தில் அவருடைய வீட்டில், விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் மறுபடி எழுந்திருக்கவில்லை என்று அவர் தம்பி பிறகு சொன்னார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. தியாகராய நகரில் ஒரு டிசைன் நிறுவனத்தில் நானும் அவரும் அடுத்தடுத்த மேசை. கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பலகை, விளம்பரம், கையேடு, துண்டுத்தாள் செய்து தருவது எங்கள் தொழில். அவருடைய பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் பாத்திரக்கடை வைத்தவர்கள். இவர் கடையில் உட்கார மாட்டேன் என்று கவின்கலை படித்தார். எங்கள் அலுவலகத்தில் எல்லாப் பெயரும் இரண்டு எழுத்தில் சுருங்கிவிடும். முதல் வாரமே அவரை "இசா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்களாம். திரும்பவே இல்லையாம். நான் சேர்ந்தபோது எல்லாரும் ஒழுங்காக "இசக்கியம்மாள்" என்று முழுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தன்னடக்கம் என்ற பொருள் அவரிடம் கிடையாது. "இந்த ஆபீஸ்ல தமிழ் பாக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான், ஒனக்கு இஷ்டம்னா ரெண்டாவது ஆளா இரு" என்பது என்னை வரவேற்று அவர் சொன்ன முதல் வாக்கியம். கேரம் விளையாட்டில் ஏமாற்றுவார். அடுத்தவர் டப்பாவிலிருந்து கேட்காமல் ஊறுகாய் எடுப்பார். அவரோடு சண்டை போடாமல் ஒரு வாரம் ஓட்டியவர்கள் எங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை.

எல்லாச் சண்டையும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். ஆங்கிலத்துக்கு எழுத்துரு தேட எங்களுக்கு ஒரு வாரம் தருவார்கள். வெளிநாட்டுத் தளங்களில் தேடி, பத்துப் பன்னிரண்டு மாதிரி போட்டு, வாடிக்கையாளருக்கு அனுப்பி, "இதில் கொஞ்சம் நம்பிக்கை குறைகிறது, அதில் கொஞ்சம் இளமை கூடுகிறது" என்றெல்லாம் பேசுவோம். தமிழுக்கு எதுவும் இல்லை. தட்டினால் என்ன வருகிறதோ அதுதான். சட்டம் கேட்கிறது, அதனால் பலகையில் தமிழ் இருக்க வேண்டும். அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்க யாருக்கும் சம்பளம் இல்லை.

"தானா வந்து நிக்கறதுக்குப் பேரு தேர்வு இல்லட்டி" என்பார். "யாரும் தேர்ந்தெடுக்கலன்னு அர்த்தம். யாருக்காகவும் யோசிக்கலன்னு அர்த்தம்."

அவர் அழகுப் பைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. கொடி சுற்றிய எழுத்தைக் கண்டால் "இது கல்யாணப் பத்திரிகை" என்று தூக்கிப் போடுவார். சாய்ந்து பறக்கும் எழுத்தை "சீரியல் டைட்டில்" என்பார். தடித்ததை "கட்சிப் போஸ்டர்" என்பார். ஆனால் தானாக வரும் எழுத்தின் மீது அவருக்கு இருந்த வெறுப்பு வேறு வகை. பெரிதாகப் போட்டால் அகன்று பரவி இடத்தை விழுங்கும். சிறிதாக்கினால் சுழிகள் அடைபட்டு, மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே கறுப்புப் புள்ளியாகும். மேல்வரி எழுத்தின் வால் அடுத்த வரியில் இடிக்கும். "மோசமான எழுத்து ஆயிரம் இருக்கு. இது மட்டும்தான் கேட்காமலே உள்ள வந்து உக்காருது" என்பார்.

நான் பார்த்த அவருடைய முதல் சண்டை ஒரு நகைக்கடைப் பலகைக்கானது. உஸ்மான் சாலையில் புதுக்கிளை. உரிமையாளரும் தெற்கத்திக்காரர். பலகையின் மாதிரியைத் திரையில் போட்டு பாஸ் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். இசக்கி அக்கா நடுவில் புகுந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். இங்கிலீஷ்ல உங்க பேரு அளவெடுத்துத் தச்ச சட்டை போட்டிருக்கு. தமிழ்ல எவனோ கழட்டிப் போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டும் ஒரே ஆளுதானா?"

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "என்னம்மா சொல்லுத? தமிழ்னா அப்படித்தான இருக்கும்?"

"உங்க அப்பா வச்ச பழைய கடைப் பலகை அப்படியா இருந்துச்சு?"

அவர் சிரித்துவிட்டார். "ஒங்கப்பன் பாத்திரக்கடைதான? வாய் அப்படியே இருக்கு." பலகை மாறியது. இன்றைக்கும் அங்கே போனால் பார்க்கலாம், தமிழ்ப் பெயர் நிமிர்ந்து நிற்கும். பாஸ் அந்தப் பலகைக்கு ஒரு பரிசு வாங்கினார். மேடையில் நன்றி சொன்ன பெயர்களில் அக்காவின் பெயர் இல்லை.

எந்த எழுத்துரு நல்லது என்பதை முடிவு செய்ய அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரே செய்தியை இரண்டு மூன்று எழுத்துருவில் அச்செடுத்துக்கொண்டு பனகல் பூங்கா பேருந்து நிறுத்தத்துக்குப் போவார். காத்திருப்பவர்களிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்வார். எது அழகு என்று கேட்கவே மாட்டார். படிப்பவருடைய விரல் எந்த இடத்தில் நின்று தடுமாறுகிறது என்று மட்டும் பார்ப்பார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கோடு குறைந்த தாள் ஜெயித்தது. அவ்வளவுதான்.

"இன்னாம்மா இது, கண்ணு டெஸ்டா?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டார்.

"ஒங்களுக்கு இல்லம்மா. இதை எழுதினவனுக்கு."

"அப்ப அவனுக்குத்தான் கண்ணாடி வாங்கிக் குடு" என்று அந்தம்மா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டார். அக்கா அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் அந்த மருத்துவமனை வேலை வந்தது. அடையாறில் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். என்ன சாப்பிட வேண்டும், எப்போது குளிக்கலாம், எப்போது திரும்ப வர வேண்டும். அக்கா அந்த வேலையில் உயிரைக் கொடுத்தார். நிறுத்தத்துக்குப் போனார், விரல்களைப் பார்த்தார், சுழி திறந்த, வரிக்கு வரி மூச்சு விடுகிற ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவமனை ஒப்புக்கொண்டது. தாள் அச்சானது. எங்கள் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் கஸ்தூரி அக்காவிடம் ஒன்றைக் காட்டி, "இதைப் படி பாப்போம்" என்று கொடுத்து, அவர் தடங்கலில்லாமல் படித்து முடித்ததும் தட்டிக் கொடுத்தார். "எனக்கு இல்ல, எழுத்துக்குத் தட்டுங்க" என்றார் கஸ்தூரி அக்கா.

சில மாதம் கழித்துக் கஸ்தூரி அக்காவின் கணவர் தனசேகருக்கு அதே மருத்துவமனையில், அரசுக் காப்பீட்டில், குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. கடைகளில் மூட்டை இறக்கும் வேலை செய்பவர் அவர். வீட்டுக்குக் கூட்டி வந்த சில நாளில் கஸ்தூரி அக்கா வேலைக்குத் திரும்பினார். இசக்கி அக்கா வழக்கம்போல அதட்டலாக விசாரித்தார்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"கீறாருக்கா. ரெண்டு நாளா ஒடம்பு அனலா கீது. தையல் போட்ட எடத்துல நீர் மாதிரி கசியுது. மாத்திரை போட்டுக்கினுதான் கீறாரு."

"டாக்டரைப் பாக்கலையா?"

"அடுத்த வாரம்தானே வரச் சொல்லிக்கீறாங்க. பேப்பர்ல போட்டுக்கீதே. நீங்க போட்ட பேப்பர்தான், அதான் பையிலயே வெச்சிக்கினு கீறேன்."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அது அவர் போட்ட தாள் இல்லை. அதே கட்டம், அதே வண்ணம், அதே சின்னம். தமிழ் மட்டும் தானாக வரும் அந்த எழுத்துருவில் இருந்தது.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. மருத்துவமனை அலுவலகத்தில் யாரோ தொலைபேசி எண்ணை மாற்றுவதற்காக எங்கள் கோப்பைத் தங்கள் கணினியில் திறந்திருக்கிறார்கள். அந்தக் கணினியில் அக்கா தேர்ந்தெடுத்த எழுத்துரு இல்லை. கோப்போடு சேர்த்து அனுப்பியிருந்தும் அதை நிறுவிக்கொள்ளவில்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாகக் கணினி தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொண்டது. அது அகலமான எழுத்து. வரிகள் நீண்டன, கட்டத்துக்குள் அடங்காத கடைசி வரி வெளியே தள்ளப்பட்டது. கட்டத்துக்கு வெளியே போன வரி அச்சில் வராது. எண்ணை மாற்றி, புதிதாக அச்சடித்து, கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விழுந்துபோன வரி இது: "காய்ச்சல் வந்தாலோ தையலில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வரவும்."

ஆங்கிலப் பக்கத்தில் அந்த வரி பத்திரமாக இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே வரலாம். தமிழ் மட்டும் தெரிந்தவர் அடுத்த வாரம் வரை வீட்டில் கிடக்கலாம். இத்தனை பேர் வேலை செய்யும் கட்டடத்தில் ஒருவர்கூடத் தமிழ்ப் பக்கத்தின் கடைசி வரியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா அதையெல்லாம் அப்போது பேசவில்லை. "கஸ்தூரி, பையை எடு. ஏட்டி, ஆட்டோ பிடி" என்றார். பட்டினப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது தனசேகர் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார். அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடையாறு போனோம். சீழ் பிடித்திருந்தது. அன்று மாலையே மறுபடி திறந்து சுத்தம் செய்தார்கள். இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் கஸ்தூரி அக்காவிடம் சொன்னார். "சீக்கிரம் வந்திருக்கணும்மா, பேப்பர்லதான் போட்டிருக்கே" என்றும் சொன்னார். இசக்கி அக்கா தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, "எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்றார். மருத்துவர் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டினார்.

மறுநாள் அலுவலகத்தில் கூட்டம். பாஸ் கதவைச் சாத்தினார்.

"நம்ம சைடுல தப்பே இல்ல. ஃபைலைத் தொட்டது அவங்க. நாம ஏன் வாயைத் தொறக்கணும்? பெரிய கிளையன்ட்."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல" என்றார் அக்கா. "அந்தத் தாளு இப்ப எத்தனை வீட்டுல இருக்குன்னு கேக்கேன்."

"நான் பக்குவமா ஒரு மெயில் போடறேன். அடுத்த பிரிண்ட்ல மாத்திடுவாங்க."

"அடுத்த பிரிண்ட் வரைக்கும் வர்றவன்லாம் காய்ச்சலை அடக்கிட்டு இருப்பானா சார்?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன்.

மருத்துவமனையில் ஒரு மேலாளர் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். மிக மரியாதையானவர். "மேடம், எல்லாம் டாக்டர் வாயாலயே சொல்லிடுவாங்க" என்றார்.

"அப்ப இங்கிலீஷ்லயும் வாயாலயே சொல்லிடுங்க. பேப்பர் எதுக்கு?"

தாள்களை இன்றே நிறுத்துங்கள் என்று கேட்டதற்கு, மேலிடத்தில் பேச வேண்டும் என்றார். அக்கா எழுந்து நேராகக் கீழே போனார். வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிகள் உட்காரும் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். "அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க, ஒரு வரி விட்டுப்போச்சு" என்று ஒவ்வொருவரிடமும் வாங்கி, தமிழ்ப் பக்கத்தின் அடியில் விழுந்துபோன வரியைக் கையால் எழுதிக் கொடுத்தார். என் கையிலும் ஒரு பேனாவைத் திணித்தார். நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒன் கையெழுத்துக்கு அந்தத் தானா வர்ற எழுத்தே தேவலாம். பெருசா எழுது" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

காவலாளி வந்தார். வயதானவர். தயங்கித் தயங்கிப் பேசினார். "மேடம், நீங்க பண்றது கரெக்டுதான். ஆனா என்னையத் தூக்கிடுவாங்க. கேட்டுக்கு வெளியே நின்னுக்கினு எழுதுங்களேன். ரோடு அவங்களுது இல்ல."

வெளியே ஆட்டோ நிறுத்தத்தில் நின்று எழுதினோம். அன்று, மறுநாள், அதற்கடுத்த நாள். ஆட்டோக்காரர்கள் புரிந்துகொண்டு, ஏறும் சவாரியிடம் "அக்காகிட்ட பேப்பரைக் காட்டிட்டு வா நைனா" என்று அனுப்பத் தொடங்கினார்கள். மருத்துவமனை வாசலில் இப்படி ஒரு கூட்டம் நிற்பது மேலிடத்துக்கு எட்டியது. அதன் பிறகுதான் தாள்களைத் திரும்பப் பெற்றார்கள். ஏற்கெனவே போனவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டோம். எல்லாருக்கும் சொன்னார்களா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மருத்துவமனை எங்கள் நிறுவனத்தை விட்டுப் போனது. அலுவலகத்தில் அக்காவை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். "எழுதுதேன். தமிழ்ல எழுதுதேன். படிக்க ஆளு இருக்கா?" என்றார். கடிதம் கடைசிவரை எழுதப்படவில்லை. அதற்குப் பிறகு அவருக்குப் பெரிய வேலை எதுவும் தரவில்லை. பேனர் அளவு மாற்றுவது, படத்தை வெட்டுவது என்று ஒதுக்கி வைத்தார்கள். கோபத்தில் வேலையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் தினமும் சரியான நேரத்துக்கு வந்தார். எங்கள் ஒவ்வொருவருடைய கோப்பையும் அச்சுக்குப் போகும் முன் அழைக்காமலே வந்து திறந்து, தமிழ்ப் பக்கத்தைக் கடைசி வரி வரை பார்த்தார். திட்டினார். திருத்தினார். ஊறுகாயும் எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனையின் புதுத் தாள் வேறொரு நிறுவனம் செய்து வெளியானபோது ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். விழுந்த வரி திரும்ப வந்திருந்தது, தடித்த எழுத்தில், கட்டம் கட்டி. ஆனால் எழுத்துரு அதே பழையதுதான். எனக்கு அழுகையாக வந்தது. அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வரியைப் பிடுங்கிட்டோம். மிச்சத்தையும் பிடுங்கலாம். நாம என்ன செத்தா போயிட்டோம்?" என்றார்.

இப்போது அவர் இறந்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காதவர்கள் தமிழ் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் பாஸ் வீட்டில் தமிழ்தான். அந்த மேலாளர் என்னோடு தமிழில்தான் பேசினார். தமிழை மட்டும் நம்பி ஒரு தாளைக் கையில் வாங்குபவர் யார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூட்டை தூக்குபவர், வீடு பெருக்குபவர், வாசலில் நிற்பவர். அவர்களுக்கு எது கிடைத்தால் என்ன என்ற நினைப்புதான் அந்தத் தானாக வரும் எழுத்து. இசக்கி அக்கா எதிர்த்தது அந்த நினைப்பை. இந்தக் கட்டுரையை அச்சிடும் நண்பர்களே, எந்த எழுத்துருவில் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நீங்களே தேர்ந்தெடுத்துப் போடுங்கள்.

ஞாயிறு மதியம் ஆதம்பாக்கம் தெரு நிறைந்திருந்தது. தியாகராய நகர்க் கடைக்கார உறவினர்கள் வெள்ளை வேட்டியில் வரிசையாக நாற்காலிகளில் இருந்தார்கள். அலுவலகத்து ஆட்கள் நாங்கள் ஒதுங்கி நின்றோம். நகைக்கடை அண்ணாச்சி வந்திருந்தார். பாடையைத் தூக்கும் நேரத்தில் தோள் கொடுக்க உறவினர்கள் முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் தனசேகரும் வந்து நின்றார். பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி யாரு? நம்ம ஆளுங்களா?"

அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். தனசேகருக்கும் தெரியும்.

"நான் அவங்க ஆளு" என்றார்.

பெரியவர் கையை எடுக்கவில்லை. அக்காவின் தம்பி வந்தார், அழுது வீங்கிய முகம். "சித்தப்பா, விடுங்க. அக்கா இருந்திருந்தா உங்களை என்ன கேட்டிருப்பான்னு தெரியும்ல" என்றார். பெரியவர் விலகினார். கூட்டத்திலிருந்து கஸ்தூரி அக்காவின் குரல் கேட்டது. "யோவ், வெயிட்டு தூக்கக் கூடாதுய்யா நீ."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலது தோளைக் கொடுத்து, மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினார். மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த தெருவில், பள்ளத்துக்குப் பள்ளம் கால் பார்த்து வைத்து, வண்டி நின்ற முனைவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அக்கா, அமைதியாக இளைப்பாறுங்கள் என்று எழுத என் கை வரவில்லை. நீங்கள் அமைதியாக இருந்த ஒரு நாளை நான் பார்த்ததில்லை. போய் வாருங்கள். போன இடத்திலும் யாராவது ஒரு தாளை நீட்டி, "இருக்கட்டும், இதை யார் படிக்கப் போகிறார்கள்" என்று சொன்னால் விடாதீர்கள். இங்கே அப்படிச் சொல்பவர்களை நாங்கள் விடப் போவதில்லை.